சாபமா, சம்பள பாக்கியா?

1990-ம் வருடம், மே மாதம். வியன்னாவில் ஒரு கல்லறைக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் தலை குனிந்து நின்று பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். யூசேபியோ. ஒரு காலத்தில் பந்தைக் காலால் தொட்டாலே எதிரணி கோல்கீப்பருக்கு வயிற்றைக் கலக்கும். போர்ச்சுகலின் செல்லப்பிள்ளை. அவருடைய பழைய கிளப்பான பென்ஃபிகா அதே ஊரில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் ஆட வந்திருந்தது. யூசேபியோ கல்லறைக்குப் போனது தன் பழைய குருநாதரிடம் மன்னிப்புக் கேட்க. 'போதும் சார், சாபத்தை எடுத்துவிடுங்கள்' என்று கெஞ்ச.

குருநாதர் எடுக்கவில்லை. பென்ஃபிகா 1-0 கணக்கில் மிலனிடம் தோற்றது.

கால்பந்துப் பக்கங்களைப் புரட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கதையை ஒரு தடவையாவது படித்திருப்பீர்கள். பேலா குட்மன் என்கிற ஹங்கேரிக்காரர் பென்ஃபிகாவுக்குக் கோச்சாக இருந்தார். 1961, 1962 இரண்டு வருடமும் வரிசையாக ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 'நல்லது சார், இப்போது கொஞ்சம் கூடக் கொடுங்கள்' என்று நிர்வாகத்திடம் கேட்டார். முடியாது என்று கையை விரித்தார்கள். மனுஷர் கோபத்தில், 'இன்னும் நூறு வருஷத்துக்கு நீங்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆகமாட்டீர்கள்' என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அதன்பிறகு 2014 வரை பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய ஃபைனல்கள் ஆடியது. எட்டிலும் தோல்வி.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கண்ணகி சிலம்பை உடைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நியாயம் கேட்டு வந்தவர் வயிறெரிந்து ஒரு வார்த்தை சொன்னால் ஊரே பற்றி எரியும் என்பது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். அதனால் உடனே நம்பிவிடுகிறோம். எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது. பி.காம். படித்தவன் புத்தி, வேறென்ன? சாபம் என்றால் அடுத்த கேள்வி கேட்க இடமில்லை. சம்பள பாக்கி என்றால் கணக்குப் பார்க்கலாம்.

பார்த்துவிடுவோம்.

முதலில் ஆள் யார்? 1899-ல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் நடனம் சொல்லிக் கொடுப்பவர்கள். பிள்ளையும் பதினாறு வயதில் நடன ஆசிரியர் ஆகிவிட்டார். ஆனால் கால் வேறு பக்கம் இழுத்தது. எம்.டி.கே. என்கிற புடாபெஸ்ட் கிளப்புக்கு ஆடி லீக் ஜெயித்தார். பிறகு வியன்னாவுக்குப் போய் ஹாக்கோவா என்ற யூத கிளப்பில் சேர்ந்தார். 1925-ல் ஹாக்கோவா ஆஸ்திரிய லீக்கையே ஜெயித்தது.

நடுவில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். ஹங்கேரி டீமில் குட்மனும் உண்டு. ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகள் கூட்டம் அதிகம். தங்க வைத்த ஓட்டலோ ராத்திரி முழுக்கக் கூத்தும் கும்மாளமுமாக இருக்கிற பேட்டையில். ஆடுகிறவன் தூங்க வேண்டாமா? அந்த ஓட்டலில் எலிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பிடித்து, செத்த எலிகளை அதிகாரிகளின் அறைக் கதவுகளில் குட்மன் கட்டித் தொங்கவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள். எகிப்திடம் 3-0 என்று தோற்று ஹங்கேரி ஊருக்குத் திரும்பியது. குட்மனை தேசிய டீமுக்கு மறுபடி கூப்பிடவே இல்லை. ஆட்டக்காரராக இருந்தபோதே நிர்வாகத்துக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1926-ல் ஹாக்கோவா டீம் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. கூட்டம் அள்ளியது. டாலர் கண்ணில் பட்டதும் பல ஆட்டக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். குட்மனும். நியூயார்க்கில் ஆடினார், சம்பாதித்தார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. கள்ளத்தனமாக நடக்கிற மதுக்கடை ஒன்றில் பணம் போட்டார், பங்குச் சந்தையிலும் போட்டார். 1929-ல் வால் ஸ்ட்ரீட் கவிழ்ந்தது. சேர்த்ததெல்லாம் போச்சு.

முப்பது வயதில் ஒரு தடவை நடுத்தெருவுக்கு வந்தவர். இதையும் ஓர் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா திரும்பிக் கோச் ஆனார். நெதர்லாந்தில் என்ஸ்கடே என்கிற ஊர். அங்கே ஒரு சுமாரான டீம். ஒப்பந்தம் போடும்போது, 'தேசிய சாம்பியன்ஷிப் ஜெயித்தால் இவ்வளவு போனஸ் வேண்டும்' என்று எக்கச்சக்கமான ஒரு தொகையைச் சொன்னார். கிளப் தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த டீமாவது, ஜெயிப்பதாவது! பார்த்தால், டீம் கிழக்குப் பிரிவை ஜெயித்து, பட்டத்துக்கு வெகு அருகில் போய்விட்டது. தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. தன் சொந்த டீம் தோற்க வேண்டும் என்று அவரே சாமியைக் கும்பிட்டபடிதான் ஆட்டம் பார்க்க வந்தாராம். கடைசியில் பட்டம் நூலிழையில் தவறியது. தலைவர் தப்பித்தார்.

சிரிக்கலாம். ஆனால் நடக்காது என்று எல்லோரும் நினைக்கிற ஒன்றுக்கு முன்கூட்டியே விலை பேசிவைப்பது வியாபாரத்தில் உயர்ந்த வித்தை. குட்மனுக்கு அது கைவந்த கலை. பின்னால் இது தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.

1939-ல் உய்பெஸ்ட் கிளப்புக்குக் கோச்சாக ஹங்கேரிய லீக்கையும் மிட்ரோபா கோப்பையையும் ஜெயித்தார். அதோடு உலகம் இருண்டது.

இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துபோக மனம் வரவில்லை. யூதர் என்கிற ஒரே காரணத்துக்காக வேலை போனது. 1944-ல் நாஜிகள் ஹங்கேரிக்குள் நுழைந்தபோது, பின்னாளில் மனைவியான பெண்ணின் சகோதரர் உதவியால் ஒரு பரணில் ஒளிந்து கிடந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே அடி, உதை, அவமானம். 1944 டிசம்பரில், இனி அனுப்பப்போவது சாவுக்குத்தான் என்று தெரிந்ததும் தப்பித்தார். கூடவே தப்பியவர்களில் எர்னோ எர்ப்ஸ்டைன் என்கிற இன்னொரு கோச்சும் உண்டு. பின்னாளில் இத்தாலியின் மகத்தான டொரினோ டீமோடு 1949 விமான விபத்தில் இறந்துபோனாரே, அவரேதான். குட்மனின் அப்பாவும் அக்காவும் இனப்படுகொலையில் கொல்லப்பட்டார்கள்.

குட்மன் இதைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை. போர்க்காலத்தில் அவர் சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தார் என்றுகூடப் பல வருடங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் டேவிட் போல்ச்சோவர் என்பவர் எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் பலருக்கு விவரம் தெரிந்தது. கால்பந்து ரசிகர்களுக்கு இவருடைய சாபம் ஐம்பது வருடமாக மனப்பாடம். இவர் பிழைத்த கதை தெரிய 2017 வரை ஆகியிருக்கிறது. நாம் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் பாருங்கள்.

போர் முடிந்தது. மனுஷர் ஒரு இடத்தில் இருந்தாரா என்றால் கிடையாது. ருமேனியாவில் புக்கரெஸ்ட் கிளப் ஒன்றில் வேலை. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடான நேரம். 'சம்பளத்தைக் காய்கறியாகக் கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டார். பணத்துக்கு மதிப்பில்லாத காலத்தில் முட்டைக்கோஸ்தான் நிஜமான பணம் என்பது புரிந்தவர். யாரை ஆட்டத்தில் இறக்க வேண்டும் என்று நிர்வாகி ஒருவர் மூக்கை நுழைத்ததும், கிளம்பிவிட்டார்.

மறுபடி ஹங்கேரி. கிஷ்பெஸ்ட் டீம். அங்கேதான் பையன் புஷ்காஷ் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டத்தின் இடைவேளையில், முரட்டுத்தனமாக ஆடிய ஒருவனை 'இரண்டாவது பாதியில் நீ இறங்காதே' என்றார் குட்மன். அப்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். 'நீ இறங்குடா' என்றார் புஷ்காஷ். அவன் இறங்கினான். குட்மன் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் போய் கேலரியில் உட்கார்ந்து குதிரைப் பந்தயப் பத்திரிகை படித்தார். ஆட்டம் முடிந்ததும் டிராம் பிடித்து வீட்டுக்குப் போனவர், அந்த கிளப் பக்கம் திரும்பவே இல்லை.

இத்தாலியில் மிலன் கிளப். 1955 தொடக்கத்தில் டீம் லீக்கில் முதல் இடம். அந்த நேரத்தில் நிர்வாகம் இவரை வேலையை விட்டு அனுப்பியது! முதல் ரேங்க் வாங்கித் தருகிற வாத்தியாரை டிஸ்மிஸ் செய்த கதை. அந்த வருடம் மிலன்தான் சாம்பியன். பெயர் வாங்கியது இவருக்குப் பின்னால் வந்தவர். குட்மன் அதற்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார்: டீம் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது.

படிக்கிறபோது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இதில் ஒரு மனிதரின் முழு ஜாதகமும் தெரிகிறது. பங்குச் சந்தையில் பணத்தை இழந்தவர். நாஜிகளிடம் குடும்பத்தை இழந்தவர். முதல் இடத்தில் நின்றபடி வேலையை இழந்தவர். இப்படிப்பட்டவர் வாய் வார்த்தையை நம்புவாரா? கைகுலுக்கலை நம்புவாரா? அவர் நம்பியது ஒன்றைத்தான். கையெழுத்துப் போட்ட காகிதம்.

1957-ல் ஹான்வேட் டீமோடு பிரேசில் போனார். சோவியத் டாங்குகள் புடாபெஸ்டில் புகுந்த நேரம். ஊர் திரும்பாமல் சாவோ பாலோ கிளப்பில் சேர்ந்து அந்த வருடமே மாநிலப் பட்டத்தை ஜெயித்தார். பிறகு போர்ச்சுகல். 1958-59-ல் போர்ட்டோ கிளப்புக்குக் கோச். கோல் வித்தியாசத்தில் பென்ஃபிகாவை முந்தி லீக் பட்டம். அடுத்த சீசனில் தலைவர் எங்கே இருந்தார் தெரியுமா? யாரைத் தோற்கடித்தாரோ, அதே பென்ஃபிகாவில்!

வந்ததும் வராததுமாக சீனியர் ஆட்டக்காரர்கள் ஏகப்பட்ட பேரைக் கழற்றிவிட்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார். 1960, 1961 இரண்டு வருடமும் லீக் பட்டம். லிஸ்பனில் முடி வெட்டப் போன இடத்தில், பிரேசிலில் தன்னிடம் ஆடிய பழைய சிஷ்யர் பௌவரைப் பார்க்கிறார். 'மொசாம்பிக்கில் ஒரு பையன் இருக்கிறான், விடாதீர்கள்' என்கிறார் அவர். அந்தப் பையன்தான் யூசேபியோ. போட்டி கிளப்பான ஸ்போர்ட்டிங்குக்கும் அவன் மேல் கண். 1960 டிசம்பரில் அவனை அழைத்துவந்து, ஸ்போர்ட்டிங்காரர்கள் கண்ணில் படாமல் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் கொஞ்ச நாள் பதுக்கியே வைத்திருந்தார்கள். சலூனில் ஒரு அரைமணி நேரம். அதற்குள் ஒரு கிளப்பின் தலையெழுத்தே மாறிவிட்டது.

1961 மே 31, பெர்ன் நகரம், பார்சிலோனாவோடு ஃபைனல். 3-2 பென்ஃபிகா ஜெயித்தது. அன்றைக்கு பார்சிலோனா அடித்த பந்துகள் கோல் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பின. எதிரணியின் கோச்சிஷ், சிபோர் இரண்டு பேரும் ஹங்கேரிக்காரர்கள். 1954 உலகக் கோப்பை ஃபைனலில் அதே மைதானத்தில் அதே 3-2 கணக்கில் தோற்றவர்கள். சுத்தமான துரதிர்ஷ்டம். ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்தக் கம்பத்தை யாரும் 'குட்மன் பெற்ற வரம்' என்று சொல்லவில்லை. அதிர்ஷ்டம் அடித்தால் ஆட்டம். அடிக்காவிட்டால் சாபம்!

1962 மே 2, ஆம்ஸ்டர்டாம். எதிரே ரியல் மாட்ரிட். முதல் பாதியில் மூன்று கோல். அடித்தவர் நம்ம பழைய புஷ்காஷ். பென்ஃபிகா 3-2 பின்னால். இடைவேளையில் குட்மன் ஒரே ஒரு மாற்றம் செய்தார். டி ஸ்டெஃபானோவை விட்டு நகரக் கூடாது என்று கவேம் என்கிற ஆட்டக்காரருக்கு உத்தரவு. டி ஸ்டெஃபானோவிடமிருந்துதானே புஷ்காஷுக்குப் பந்து வருகிறது? குழாயை அடைத்தார். தண்ணீர் நின்றது. யூசேபியோ இரண்டு கோல் போட்டார். 5-3. டிராம் ஏறிப் போனவர் பதிமூன்று வருடம் கழித்துக் கணக்கை முடித்தார்.

இனி நம் வழக்குக்கு வருவோம்.

குட்மன் தரப்பு என்ன? லீக் ஜெயித்தால் கிடைக்கிற போனஸைவிட ஐரோப்பியக் கோப்பைக்கு நாலாயிரம் டாலர் குறைவாகத்தான் தனக்குக் கிடைத்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதைச் சரிசெய்ய நிர்வாகம் முன்வரவில்லை, அதனால் கிளம்பினேன் என்பது அவர் வாதம். உள்ளூர்ப் பட்டத்தைவிட ஐரோப்பாவின் உச்சத்துக்கு விலை குறைவு. அநியாயம்தான்.

ஆனால் இந்த ஒப்பந்தத்தைப் பேசியது யார்? இவரேதானே! என்ஸ்கடேவில் நடக்காத காரியத்துக்கெல்லாம் விலை வைத்த மகானுபாவர், பென்ஃபிகாவில் ஏன் கோட்டைவிட்டார்?

காரணம் எளிது. 1959-ல் இவர் லிஸ்பன் வந்தபோது ஐரோப்பியக் கோப்பைக்கு நாலே வயது. அதுவரை ஜெயித்தது ரியல் மாட்ரிட் மட்டும்தான். போர்ச்சுகீசிய கிளப் ஒன்று அதைத் தூக்கும் என்று நிர்வாகமும் நினைக்கவில்லை, அனேகமாக இவரும் நினைக்கவில்லை. சந்தையில் விலையே நிர்ணயமாகாத சரக்கு. இரண்டே வருடத்தில் அந்தச் சரக்குக்கு விலை விண்ணுக்குப் போனது. பழைய விலையில் கையெழுத்துப் போட்டவர் புது விலை கேட்கிறார். வாங்கியவர்கள் பழைய ரசீதைக் காட்டுகிறார்கள். இதில் சாபத்துக்கு எங்கே இடம்? ஊர் ஊருக்கு, கடை கடைக்கு நடக்கிற சண்டை இது.

நிர்வாகத் தரப்பையும் கேட்போம். 1961-62 சீசனில் பென்ஃபிகா லீக்கில் மூன்றாம் இடம். உள்ளூரில் ஸ்போர்ட்டிங் சாம்பியன். 'லீக்கை விட்டுவிட்டீர்களே சார்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. சட்டப்படி அவர்கள் பக்கம் தப்பில்லை. ஆனால் சட்டப்படி சரியாக இருப்பதும் புத்திசாலித்தனமாக இருப்பதும் ஒன்றா என்ன? இரண்டு கோப்பை தந்தவரைத் திருப்திப்படுத்த ஆகிற செலவு எவ்வளவு, மூன்றாவது கோப்பை வந்தால் டிக்கெட்டிலும் சுற்றுப்பயண ஆட்டங்களிலும் வருகிற வரவு எவ்வளவு? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் கதவு வரை வந்து வழிமறித்திருப்பார்கள்.

சரி, கேட்டதைக் கொடுத்திருந்தால் இருந்திருப்பாரா? அங்கேதான் எனக்கு குட்மன் மேலேயே சந்தேகம்.

அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கோச்சுக்கு மூன்றாவது வருடம் ஆபத்து. அதற்குள் ஆட்டக்காரர்களுக்கு உங்கள் பேச்சு பழகிவிடும், எதிரணிக்கு உங்கள் தந்திரம் பழகிவிடும், கிளம்பிவிடுங்கள். பென்ஃபிகாவில் அவர் இருந்தது 1959-லிருந்து 1962 வரை. சரியாக மூன்று சீசன். அவருடைய சொந்தக் காலண்டர்படி பெட்டி கட்டுகிற நேரம்! போனஸ் தகராறு நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அது காரணமா, கிளம்புவதற்குக் கிடைத்த சாக்கா? ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் நாலு டஜன் வருடம் சுற்றியவரை நாடு நாடாகப் பின்தொடர்ந்து பார்த்தால், இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாம் வருடச் சித்தாந்தத்தை மேனேஜ்மென்ட் பாடமாகக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றாவது வருடத்தில் ஓடிவிடுகிறவருக்கு நாலாவது வருடப் பரீட்சையே கிடையாது. அவர் உருவாக்கியது நிலைக்குமா, நிலைக்காதா என்பதை அவர் பார்க்கவே வேண்டியதில்லை. லாபத்தை எடுத்துக்கொண்டு, தேய்மானத்தை அடுத்த ஆள் தலையில் எழுதிவிட்டுப் போகிற முதலாளி போல. பரணில் ஒளிந்து பிழைத்தவருக்கு, எந்த இடத்திலும் நிரந்தரமாகத் தங்காதே என்று மனம் சொல்லியிருக்கலாம். அதைப் புரிந்துகொள்கிறேன். புரிந்துகொள்வது வேறு, பாடப்புத்தகம் ஆக்குவது வேறு.

இப்போது சாபக் கட்சியினர் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒரு பக்கத்தைப் புரட்டுகிறேன்.

குட்மன் கிளம்பிய பிறகு பென்ஃபிகா நாசமாகப் போயிருக்க வேண்டும் அல்லவா? 1962-63-லிருந்து 1968-69 வரை ஏழு சீசன். அதில் ஆறு தடவை லீக் சாம்பியன் பென்ஃபிகாதான்! இடையில் ஒரே ஒரு வருடம், 1965-66, பட்டம் கைநழுவியது. அந்த வருடம் கோச் யார் என்று நினைக்கிறீர்கள்?

சாட்சாத் பேலா குட்மன்.

ஆமாம். சபித்துவிட்டுப் போனவர் என்று சொல்கிறார்களே, அவரையே மூன்று வருடம் கழித்து பென்ஃபிகா திரும்பக் கூப்பிட்டது. அவரும் போய்ச் சேர்ந்தார். நூறு வருடத்துக்கு உருப்படாது என்று தன் வாயாலேயே சொன்ன இடத்தில் போய் ஒருவர் சம்பளத்துக்கு உட்காருவாரா? உருப்படாமல் போகட்டும் என்று சொன்னவரையே கூப்பிட்டு ஒருவர் சாவியைக் கொடுப்பாரா? அந்த வாக்கியத்தை 1962-ல் அவர் சொன்னாரா என்பதிலேயே ஆராய்ச்சி செய்தவர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. இந்த ஒரு மறு நியமனம் போதும், என்னைப் பொறுத்தவரை கேஸ் தள்ளுபடி.

அந்த இரண்டாவது இன்னிங்ஸில் 1966 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனுக்கே வந்து 5-1 என்று அடித்தது. ஜார்ஜ் பெஸ்ட் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் புகுந்து விளையாடினான். குட்மனின் பழைய மந்திரம் பலிக்கவில்லை.

ஃபைனல் தோல்விகளையும் பார்த்துவிடலாம். 1963-ல் மிலனோடு ஆடியபோது கேப்டன் கொலூனாவுக்குக் காலில் அடி. மாற்று ஆட்டக்காரர் கிடையாத காலம். 1965-ல் இன்டர் மிலனோடு ஃபைனல், அதுவும் இன்டரின் சொந்த மைதானத்தில்! கொட்டுகிற மழை. கோல்கீப்பருக்கு அடிபட்டு, ஜெர்மானோ என்கிற தடுப்பாட்டக்காரர் கோலில் நின்றார். 1968-ல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு லண்டன் வெம்ப்ளியில், கூடுதல் நேரத்தில் தோல்வி. அதுவும் எதிரியின் நாட்டில். 1983-ல் ஆண்டர்லெக்ட். 1988-ல் பி.எஸ்.வி.யோடு பெனால்டி ஷூட் அவுட். 1990-ல் அன்றைய மிலன், அதை யாரால் தோற்கடிக்க முடிந்தது? 2013-ல் செல்சியிடம் கடைசி நிமிடங்களில் ஒரு தலையடி. 2014-ல் செவில்லாவோடு மறுபடி பெனால்டி.

துரதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. எட்டில் எட்டும் போவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் சபிக்கப்பட்ட கிளப் எட்டு ஃபைனல் வரை எப்படி வந்தது? அதைக் கேட்க வேண்டாமா? அதே குட்மன் வேலை பார்த்த போர்ட்டோ 1987-லும் 2004-லும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. அங்கேயும் இவர் முதல் வருடமே பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரி கிளப்புக்குப் போனவர்தான்.

1995-ல் போஸ்மன் தீர்ப்பு வந்த பிறகு ஐரோப்பியக் கால்பந்தின் சந்தை தலைகீழானது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வெளிநாட்டுக்காரர் எண்ணிக்கைக்கான தடையும் ஐரோப்பிய யூனியனுக்குள் உடைந்தது. பணக்கார லீக்குகள் கொழுத்தன. போர்ச்சுகீசிய கிளப்புகள் ஆட்டக்காரர்களை வளர்த்து விற்கிற நாற்றங்கால் ஆகிவிட்டன. 2019-ல் ஜுவாவ் ஃபெலிக்ஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பையனை 126 மில்லியன் யூரோவுக்கு பென்ஃபிகா விற்றது. 2023-ல் என்ஸோ ஃபெர்னாண்டஸை சுமார் 121 மில்லியனுக்கு. பயிர் முற்றும் முன்னால் நாற்றைப் பிடுங்கி விற்பவர் அறுவடையில் முதல் பரிசு வாங்க முடியாது. இதற்கு வியன்னா கல்லறையில் போய்ப் பிரார்த்தனை செய்து என்ன பயன்? பேலன்ஸ் ஷீட்டிடம் செய்யலாம்.

இன்னொன்று. 2022-ல் பென்ஃபிகாவின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் டீம் சால்ஸ்பர்க்கை 6-0 என்று அடித்து ஐரோப்பிய இளைஞர் லீக்கை ஜெயித்தது. சாபத்துக்குச் சின்னப் பசங்கள் கணக்கில் வராதோ என்னவோ!

பிறகு ஏன் இந்தக் கதை சாகவில்லை? எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறதே, அதனால்தான். பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்பு. தோற்ற கோச்சுக்கு ஆறுதல். நிர்வாகத்துக்கு? எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் அதிக சௌகரியம். 'நாங்கள் ஒரு தொழிலாளிக்குச் செய்த வேலைக்கேற்ற கூலி கொடுக்க யோசித்தோம், நல்ல ஆள் போய்விட்டார்' என்பது அசிங்கமான வாக்கியம். 'எங்கள் மேல் ஒரு சாபம் இருக்கிறது' என்பது சோகமான, கம்பீரமான வாக்கியம். முதலாவதில் குற்றவாளி உண்டு. இரண்டாவதில் விதி மட்டும்தான் உண்டு.

குட்மனுக்கும் இந்தக் கதை நியாயம் செய்யவில்லை. சுமார் ஒரு டஜன் நாடுகளில் வேலை பார்த்தவர். ஒரு யுத்தத்தை, ஒரு முகாமை, ஒரு பொருளாதார வீழ்ச்சியைத் தாண்டி வந்து, அறுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பாவின் உச்சியில் இரண்டு முறை ஏறியவர். 1981-ல் வியன்னாவில் கண்ணை மூடினார். அவரைப் போய் மந்திரவாதி ஆக்கிவிட்டோம். சம்பளம் கேட்டவரைச் சாமியாராக்கினால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

2014-ன் தொடக்கத்தில் பென்ஃபிகா தன் மைதானத்தில் குட்மனுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தது. இரண்டு கையிலும் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பிற்பாடு சிலை வைப்பது நமக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லிஸ்பனிலும் கற்றுவைத்திருக்கிறார்கள்! சிலை வைத்த அதே மே மாதம் டுரின் நகரில் செவில்லாவிடம் தோற்றார்கள். சாபம் இன்னும் விடவில்லை என்று மறுநாள் எழுதினார்கள்.

நீங்கள் ஒரு கடை வைத்திருக்கலாம். ஒரு ஆபீஸில் பத்துப் பேருக்கு மேலே இருக்கலாம். உங்களிடமும் ஒருவர் மூன்று வருடம் உழைத்துவிட்டு, தயங்கித் தயங்கி அறைக்குள் வந்து, 'சார், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்கக்கூடும். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. காட்டுவதற்கு முன்னால், அது எந்த வருடத்து விலையில் போட்டது என்று ஒரு தடவை தேதியைப் பார்த்துவிடுங்கள். பென்ஃபிகா நிர்வாகிகள் அதைப் பார்க்கவில்லை.